சூட்டில் பிறக்கும் குளிர்ச்சி

மின்வெட்டின்போது மருத்துவமனையில் மின்னாக்கி எஞ்சின் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அதன் புகைபோக்கியருகே அனல் வீசும். எரிபொருளின் ஆற்றலில் சுமார் 40 விழுக்காடே மின்சாரமாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. இவ்வெப்பத்தைக் கொண்டு வெந்நீர் காய்ச்சலாம். அறையைக் குளிர்விக்க முடியுமா? முடியும்!

அழுத்தம் குறைந்தால் நீரின் கொதிநிலையும் குறையும் என்று படித்திருப்பீர்கள். வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு இருந்தால், நீர் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கும். அதற்கு வேண்டிய வெப்பத்தை, அருகே குழாயில் ஓடும் நீரிடமிருந்து பெறுகிறது. குளிர்ந்த அக்குழாய்நீர் அறைகளுக்குச் செல்கிறது. உண்டாகும் நீராவியை லித்தியம் புரோமைடு கரைசல் உறிஞ்சிக்கொள்வதால் அழுத்தம் உயர்வதில்லை. நீர்த்துப்போன கரைசலிலிருந்து நீரைப் பிரிக்க வெப்பம் வேண்டுமல்லவா? அதை எஞ்சினின் கழிவு வெப்பமே தருகிறது! பிரிந்த ஆவி குளிர்ந்து நீராகி, மறுபடியும் சுற்றில் சேர்கிறது.

மின்சாரம், வெந்நீர், குளிர்ச்சி ஆகிய மூன்றையும் ஒருங்கே தரும் இம்முறையில், எரிபொருளின் ஆற்றலில் 70 முதல் 80 விழுக்காடு வரை பயன்படுத்தலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் அவ்வெப்பத்துக்கும் வேலை இருக்கவேண்டும். இரவும் பகலும் இயங்கும் மருத்துவமனைக்கும் பெரிய ஓட்டலுக்கும் இது பொருந்தும். மாலையில் பூட்டிவிடும் அலுவலகத்தில் போட்ட முதலைத் திரும்ப எடுப்பதே கடினம்.