தவணை விடுப்பும் கடனாளியின் பெயரும்

கடன் என்னும் சொல் நம் மொழியில் இருபொருள் தருவது. செய்து தீரவேண்டிய முறைமையும் கடனே; வாங்கித் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடனே. வகுப்பில் இதனைக் கேட்டபோது யான் வெறும் சொல்லாராய்ச்சியாகவே கொண்டேன். எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைப் பின்னர் நினைந்து பார்த்தபோதுதான் அதன் ஆழம் புலனாயிற்று. ஒருவன் தன் கடனைத் தீர்க்கும் முறைமை இக்காலத்தில் அவன் கண்ணிற் படாத ஓர் ஏட்டில் மாதந்தோறும் எண்ணாக எழுதப்பட்டு வருகின்றது. 2020ஆம் ஆண்டில் நாடெங்கும் அளிக்கப்பெற்ற தவணை விடுப்பு அவ்வேட்டில் எதனைச் செய்தது, எதனைச் செய்யவில்லை என்பதை எளிதின் விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். யான் பொருளியல் பயின்றவனல்லன். ஆகவே பிழை காணின் அறிஞர் பொறுத்தருள்க.

முதற்கண் அவ்வேடு யாதெனக் காண்போம். கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. சிபில் என மக்கள் வாயில் வழங்கும் நிறுவனம் அதற்கு முன்னரே 2000ஆம் ஆண்டில் தோன்றியது. ஈக்குவிபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் என்பன இத்தொழில் செய்யும் ஏனைய மூன்று. வங்கிகளும் பிற கடன் நிறுவனங்களும் தம்மிடம் கடன் கொண்டார் ஒவ்வொருவரின் கணக்கையும் இந்நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. ஒவ்வொரு கடனுக்கும் மாதத்திற்கு ஒரு கட்டமாக ஒரு வரிசை உண்டு. தவணை உரிய நாளிற் செலுத்தப்பட்டதாயின் அக்கட்டத்திற் சுழியம் இடப்படும். தவறியதாயின் எத்தனை நாள் தவறிற்று என்னும் எண் இடப்படும். அவ்வெண் தொண்ணூறைக் கடப்பின் கணக்கு வாராக்கடன் எனப் பெயர் பெறும். இக்கட்டங்களையும் பிற குறிப்புக்களையும் கொண்டே 300 முதல் 900 வரையுள்ள மதிப்பெண் கணிக்கப்படுகின்றது. புதிதாகக் கடன் கேட்டு வருபவனை நோக்குமுன் வங்கியார் அவனுடைய ஏட்டையே நோக்குகின்றனர் எனின் மிகையாகாது.

இனி, தவணை விடுப்பு என்பது எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தார்க்கு 2020இல் முதன்முதல் அறிமுகமான சொல் அன்று. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வைகறையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயல், மேற்கு நோக்கிச் சென்று எங்கள் மாவட்டத்தையும் அலைத்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் ஆகிய ஊர்ப்புறங்களில் தென்னையும் பலாவும் வேரொடு சாய்ந்தன. நட்டுப் பல்லாண்டு காத்துப் பயன்கொள்ளும் மரம் ஓரிரவில் வீழ்ந்தால், அதன் பலனை நம்பி வாங்கிய கடனுக்குத் தவணை எங்ஙனம் வரும்? இத்தகைய இயற்கைப் பேரிடர்களுக்கென ரிசர்வ் வங்கி வகுத்த நெறிகள் அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் தொகுத்து வெளியிடப்பட்டிருந்தன. விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கேனும் அழிந்துபட்ட இடங்களிற் குறுகிய காலப் பயிர்க்கடனை நெடுங்காலக் கடனாக மாற்றலாம் என்றும், முதல் ஓராண்டு தவணை கேளாதிருக்கலாம் என்றும், அவ்வாறு மாற்றியமைத்த காரணத்தால் நற்கணக்கு தீக்கணக்காகிவிடாது என்றும் அந்நெறிகள் கூறின. புயலால் வந்த இடரை மனிதனின் குற்றமாக எண்ணலாகாது என்பதே இவற்றின் உட்கருத்து.

ஈராண்டு நிரம்புமுன் பெருந்தொற்று வந்தது. ஊரடங்கால் நாடு முழுதும் ஒருங்கே தொழில் இழந்து நின்றது. 2020 மார்ச் 27ஆம் நாள் ரிசர்வ் வங்கி ஓர் அறிவிப்புச் செய்தது. மார்ச் முதல் நாளிலிருந்து மே 31 வரை வரவேண்டிய தவணைகளை ஒத்திவைக்கக் கடன் நிறுவனங்களுக்கு இசைவு தரப்பட்டது. மே 22ஆம் நாள் செய்த மற்றோர் அறிவிப்பால் இக்காலம் ஆகஸ்டு 31 வரை நீண்டு ஆறு திங்களாயிற்று. வணிக வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், வங்கியல்லாத நிதி நிறுவனங்கள், மகளிர் குழுக்களுக்குச் சிறுகடன் தரும் நிறுவனங்கள் ஆகிய அனைத்தும் இதனுள் அடங்கின. ஈண்டு ஒரு சொல்லை உற்று நோக்குதல் வேண்டும். ரிசர்வ் வங்கி தந்தது இசைவே, கட்டளையன்று. ஆகவே சில நிறுவனங்கள் விடுப்பினைத் தாமே எல்லார்க்கும் அளித்தன; சில, வேண்டுமென எழுதிக் கேட்டவர்க்கு மட்டுமே அளித்தன. செய்தியைக் காதாற் கேட்டதோடு நின்றுவிட்டவர்களுள் விடுப்புப் பெறாதாரும் இருந்திருத்தல் கூடும்.

விடுப்புப் பெற்றார் பெயர் ஏட்டில் என்னவாயிற்று? அறிவிப்பு இதனைத் தெளிவாகவே உரைத்தது. ஒத்திவைத்த தவணை தவறிய தவணையாகக் கருதப்படாது. தகவல் நிறுவனங்களுக்கும் அவ்வாறு அறிவிக்கப்படாது. விடுப்பால் கடனாளியின் வரலாற்றுக்கு ஊறு நேராதவாறு அந்நிறுவனங்களும் காத்தல் வேண்டும். இம்மட்டில் மக்கள் அஞ்சியது வீண் அச்சமே. வியப்பென்னவெனின், அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் அதே மார்ச் 27ஆம் நாளில் ஒப்பமிடப்பட்ட ஒரு சட்டம் ஏறத்தாழ இதனையே கூறிற்று: சலுகை பெறுமுன் ஒழுங்காயிருந்த கணக்கை ஒழுங்கானதென்றே அறிவித்தல் வேண்டும், முன்னரே தவறியிருந்ததாயின் அத்தவறு அவ்வண்ணமே நிற்கும். இங்கிலாந்திலும் விடுப்புக் காலம் ஏட்டில் தீதாக எழுதப்படவில்லை; எனினும், புதுக்கடன் தருவோர் ஏடு ஒன்றையே நோக்குவர் என எண்ணற்க என்று ஆங்குள்ள கண்காணிப்பு அமைப்பு எச்சரித்தது.

முன்னரே தவறியிருந்ததாயின் என்றேனல்லவா? நம் நாட்டு விதியின் நுட்பமும் அங்கேயே உள்ளது. 2020 பிப்ரவரி 29ஆம் நாள் ஒருவன் இருபது நாள் தவறியவனாக இருந்தான் என்க. விடுப்புப் பெற்றபின் ஆறு திங்களும் அவ்வெண் இருபதாகவே நிற்கும், ஏறாது. ஆனால் அது சுழியமாகவும் ஆகாது. செப்டம்பர் முதல் நாள் எண்ணிக்கை இருபதிலிருந்தே மீண்டும் தொடங்கும். நாட்கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டதேயன்றி அழிக்கப்படவில்லை. பெரும்பாலார் உணராத செய்தி இதுவே.

நின்றது நாட்கணக்கு ஒன்றே, வட்டிக்கணக்கோ நிற்கவில்லை. ஓர் எடுத்துக்காட்டுக் காண்க. ஒருவனுக்கு 1,00,000 ரூபாய் கடன் எஞ்சியுள்ளது. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. இன்னும் 24 தவணை உள. அவன் தவணை மாதம் ஏறத்தாழ 4,707 ரூபாய். ஆறு திங்கள் செலுத்தாதிருந்தால் மாதவட்டி முதலோடு சேர்ந்து கடன் 1,06,152 ரூபாயாக வளரும். தவணைத் தொகை மாறாதாயின் எஞ்சிய 24 தவணை 26 ஆகும். கடைசித் தவணை மட்டும் சற்றுச் சிறிதாயிருக்கும். ஆகவே, இரண்டாண்டில் தீரவேண்டிய கடன், விடுப்புக் காலத்தையும் சேர்த்து முப்பத்திரண்டு மாதத்தில் தீரும். ஏட்டிலே கறை இல்லை. ஆயினும் எஞ்சிய கடன் பெரிதாகவும் முடியும் நாள் தொலைவாகவும் அங்குக் காணப்படும். புதிதாகக் கடன் தருவோன் இதனையும் நோக்குவான்.

மேற்கூறிய கணக்கில் தனிவட்டி 6,000 ரூபாய். மிகுந்த 152 ரூபாய் வட்டிக்கு வட்டி. இவ்வட்டிக்கு வட்டி குறித்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நிகழ்ந்தது. அவ்வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 2020 அக்டோபரில், இரண்டு கோடி ரூபாய்க்கு மேற்படாத சிலவகைக் கடன்களுக்கு இவ்வேறுபாட்டுத் தொகையை அரசு தானே ஏற்றுக்கொண்டது. 2021 மார்ச் 23ஆம் நாள் தீர்ப்பு வந்தது. வட்டி முழுவதையும் தள்ளுபடி செய்தல் இயலாது. விடுப்பை மேலும் நீட்டித்தலும் இயலாது. ஆனால் ஆறு திங்களுக்கு வட்டிக்கு வட்டி எவரிடமும் கொள்ளலாகாது என்பது தீர்ப்பின் சாரம். இவ்வழக்கில் 2020 செப்டம்பர் 3ஆம் நாள் பிறந்த இடைக்கால ஆணையைப் பலர் பிறழ உணர்ந்தனர். ஆகஸ்டு 31 வரை வாராக்கடன் ஆகாதிருந்த கணக்கை அப்பெயரிட்டு அழைத்தலை மட்டுமே அது தடுத்தது. செப்டம்பர்த் தவணையைச் செலுத்தற்க என்று அது யார்க்கும் சொல்லவில்லை.

விடுப்பு வேறு, கடன் சீரமைப்பு வேறு என்பதையும் ஈண்டே குறித்தல் நன்று. விடுப்பு முடிந்தும் எழமாட்டாதவர்க்காக 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் ரிசர்வ் வங்கி வேறொரு வழி வகுத்தது. அதன்படி தவணையைக் குறைக்கலாம். காலத்தை ஈராண்டு வரை நீட்டலாம். ஆனால் அவ்வழி சென்ற கணக்கின்மேல் சீரமைக்கப்பட்டது என்னும் குறிப்பு ஏட்டில் ஏறும். விடுப்பு ஏட்டிற் கறை படுத்தாது. சீரமைப்போ தன் குறிப்பை விட்டுச் செல்லும். இடுக்கண் உற்றவன் சீரமைப்பை நாடுதல் தவறன்று. அறிந்து நாடுதல் வேண்டும் என்பதே என் கருத்து.

இனி எங்கள் இல்லத்துச் செய்திக்கு வருவேன். புயலில் எந்தையாரின் சிறு தென்னந்தோப்பு வீழ்ந்தது. அடுத்த ஆண்டு அவர் ஒரு கடன் நிறுவனத்தாரிடம் கடன் பெற்றுச் சிறு சரக்கு வண்டி ஒன்று வாங்கினார். தவணை நாள் மாதந்தோறும் ஐந்தாம் தேதி. 2020 பிப்ரவரியில் வண்டி பழுதுற்றமையால் அம்மாதத் தவணை நின்றது. பின் ஊரடங்கு, விடுப்பு வேண்டுமென அவர் எழுதிக் கேட்டுப் பெற்றார். பிப்ரவரித் தவணையும் அதனுள் அடங்கியதென்றே அவர் நம்பினார். செப்டம்பர் முதல் ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி ஒரு தவணை தவறாது செலுத்தினார். ஐந்து நாள் தாழ்ப்பதில் யாது குறை என எண்ணினார் போலும்.

2021ஆம் ஆண்டு என் தமக்கைக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்விக்கடன் வேண்டி வங்கிக்குச் சென்றோம். உடன்கடனாளியாகக் கையொப்பமிட வேண்டிய எந்தையாரின் ஏட்டை மேலாளர் எடுத்து எங்கள்முன் வைத்தார். செப்டம்பர் 25, அக்டோபர் 26, நவம்பர் 25, டிசம்பர் 26. ஒவ்வொரு மாதமும் தவறாது பணம் கட்டிய மனிதரின் பெயருக்கு எதிரே ஒரு கட்டத்திலும் சுழியம் இல்லை! அவர் செப்டம்பரிற் செலுத்திய பணம் முதலில் பிப்ரவரி நிலுவைக்குச் சென்றது. செப்டம்பர்த் தவணை நின்றது. அக்டோபரிற் செலுத்தியது செப்டம்பருக்குச் சென்றது. இங்ஙனம் ஒரே ஒரு தவணை நிழல்போல அவரைத் தொடர்ந்து வந்தது. அதனை மேலாளர் பொறுமையாக விளக்கிய பின்னர் எந்தையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. “நான் யாரையும் ஏமாத்தலீங்களே, சார்” என்று மட்டும் கூறினார்.

ஏமாற்றவில்லை என்பதை அம்மேலாளரும் அறிவார். ஆனால் கட்டங்கள் எண்ணையன்றிக் கருத்தைக் காட்டமாட்டா. அன்றே ஒரு தவணையை மிகுதியாகச் செலுத்தினோம். கடன் சில மாதம் தாழ்த்தே கிடைத்தது. அதுவரை முதற்பருவக் கட்டணத்திற்கு என் அன்னையின் கழுத்துச் சங்கிலி அடகுக்கடை சென்றது. தமக்கை படித்துத் தேறிவிட்டாள், சங்கிலியும் மீண்டது. ஆயினும் அன்று வங்கியில் எந்தையார் தலைகுனிந்து நின்ற காட்சி என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஆகவே என் தோழர்களுக்குச் சில கூறி முடிப்பேன். நம்மிற் பலர் கல்விக்கடனால் இங்குப் பயில்கின்றோம். நம் பெயரிலும் ஓர் ஏடு தொடங்கியாயிற்று. எக்காலத்தும் விடுப்பு ஒன்று அறிவிக்கப்படுமாயின் மூன்று வினாக்களைக் கேட்டறிதல் வேண்டும். இவ்விடுப்பு எனக்குத் தானே வருமோ, யான் எழுதிக் கேட்டல் வேண்டுமோ? விடுப்புக்கு முந்திய நிலுவை எத்துணை? விடுப்பு முடிந்தபின் கடன் எவ்வளவாக, எத்தனை மாதத்தில் தீரும்? இவற்றிற்கு விடையை எழுத்தாற் பெறுதல் நன்று.

தன் ஏட்டைத் தானே காணும் உரிமையும் நமக்கு உண்டு. தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தரவேண்டும் என்னும் விதி 2017 முதல் நடைமுறைக்கு வந்தது. பிழை காணின் முறையிடலாம். முறையீடு முப்பது நாளுக்குள் தீர்க்கப்படாதாயின், மேற்படும் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் இழப்பீடு தருமாறு 2024 ஏப்ரல் முதல் விதிக்கப்பட்டது. எந்தையார் 2020 அக்டோபரிலேயே தம் ஏட்டை ஒருமுறை பார்த்திருப்பாராயின், ஒரு தவணையோடு அனைத்தும் தீர்ந்திருக்கும்.

விடுப்பு இடருற்றார்க்கு ஊன்றுகோல். அதனைக் கொள்வதில் நாணத்தக்கது யாதொன்றுமில்லை. ஆனால் ஊன்றுகோல் எதுவரை தாங்கும் என்பதை அறிந்தே அதனைப் பற்றுதல் வேண்டும். இப்பொழுதெல்லாம் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அயலார் சிலர் தம் கடன் தாள்களை என்னிடம் கொணர்கின்றனர். தமிழ் படிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. ஒரு வரியை ஒழுங்காகப் படித்துப் பொருள் சொல்லுதல் என் கடன் என்றே யானும் எண்ணுகின்றேன்.

— இரண்டாம் ஆண்டு மாணவன், தமிழ் ஆனர்ஸ் வகுப்பு