நீர்க்கடுப்பு வெறும் 'சூடு'தானா? சிறுநீர்ப்பைப் பிரச்சினைகளின் அறிகுறிகளும் காரணங்களும்

மைசூரு: தசரா திருவிழாவின் நிறைவாக, விஜயதசமி நாளில் மைசூரு அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை சுமார் 5 கிலோமீட்டர் தூரம் ஜம்பூ சவாரி ஊர்வலம் நடைபெறுகிறது. பிற்பகலில் புறப்படும் ஊர்வலத்தைக் காண, காலை முதலே சாலையோரங்களில் மக்கள் இடம் பிடித்து அமர்கின்றனர். நடுவில் எழுந்து சென்றால் இடம் பறிபோய்விடும். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு, சிறுநீரையும் அடக்கிக்கொண்டு காத்திருப்போர் பலர். அவர்களில் பெண்களின் சிரமம் அதிகம்.

மத்திய அரசின் தூய்மை நகரங்கள் தரவரிசையில் 2015-ஆம் ஆண்டில் 476 நகரங்களிலும், 2016-ஆம் ஆண்டில் 73 நகரங்களிலும் முதலிடம் பிடித்த நகரம் மைசூரு. ஆனால் கழிப்பறையைத் தவிர்க்கும் பழக்கம் எந்த ஊருக்கும் தனிப்பட்டதல்ல. நீண்ட தூரப் பேருந்துப் பயணம், கடைகளில் நின்றபடி செய்யும் வேலை, பள்ளிக் கழிப்பறை மீதான தயக்கம் என அது பல வடிவங்களில் தொடர்கிறது. அதன்பின் எரிச்சல் தோன்றினால், 'உடல் சூடு' என்று கருதி மோரும் இளநீரும் அருந்திவிட்டு நாட்களைக் கடத்துவோர் உண்டு. பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குவோரும் உண்டு. இவ்விரண்டும் ஆபத்தில் முடியக்கூடும்.

சூடா, தொற்றா?

'சூடு' என்று முன்னோர் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. வெயிலிலும் போதிய தண்ணீர் இல்லாத நிலையிலும் சிறுநீர் அடர்ந்து, கரும் மஞ்சள் நிறமாகி, வெளியேறும்போது லேசாக எரியும். போதுமான தண்ணீர் குடித்தால் சில மணி நேரத்தில் இது சரியாகிவிடும். தண்ணீர் குடித்த பிறகும் எரிச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், அது தொற்றாகவோ வேறு நோயாகவோ இருக்க வாய்ப்புள்ளது.

சிறுநீர்ப்பாதைத் தொற்றுகளில் பெரும்பான்மையானவற்றுக்குக் காரணம் ஈ.கோலை எனும் பாக்டீரியா. குடலில் இயல்பாக வாழும் இது, சிறுநீர் வெளியேறும் குழாய் வழியாக மேலேறிச் சிறுநீர்ப்பையை அடைகிறது. ஆண்களுக்கு இந்தக் குழாய் சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுடையது. பெண்களுக்கோ சுமார் 4 சென்டிமீட்டர் மட்டுமே. குழாயின் வாய் ஆசனவாய்க்கு அருகில் அமைந்திருப்பதும் பெண்களுக்குத் தொற்று எளிதில் ஏற்படக் காரணமாகிறது. ஆகவே, தொற்று வந்தாலே சுத்தமின்மைதான் காரணம் என்று ஒரு பெண்ணைக் குறை சொல்வது தவறு.

எப்போதாவது ஒருமுறை அடக்குவதால் மட்டும் நோய் வந்துவிடாது. ஆனால் அதுவே வழக்கமாகும்போது, வெளியேற்றப்பட வேண்டிய கிருமிகள் சிறுநீர்ப்பையில் தங்கிப் பெருக இடம் கிடைக்கிறது.

எந்த அறிகுறி எதைக் காட்டும்?

தொற்று சிறுநீர்ப்பை அளவில் இருந்தால், கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி அவசர உணர்வு, ஒவ்வொரு முறையும் சிறிதளவே வெளியேறுதல், அடிவயிற்றில் வலி, கலங்கலான அல்லது துர்நாற்றமுள்ள சிறுநீர் ஆகியவை காணப்படும். சில நேரங்களில் இரத்தமும் கலந்து வரலாம்.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்பகுதியில் அல்லது முதுகின் பக்கவாட்டில் வலி, வாந்தி ஆகியவை சேர்ந்தால், தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். இந்நிலையில் அன்றைய தினமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் கிருமி இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். உலக அளவில் 2019-ஆம் ஆண்டில் 40 கோடிக்கும் அதிகமானோருக்குச் சிறுநீர்ப்பாதைத் தொற்று ஏற்பட்டதாகவும், 2.3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனால் உயிரிழந்ததாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது.

சிறு குழந்தைகளால் எரிச்சலைச் சொல்ல இயலாது. காரணம் புரியாத காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், படுக்கை நனைக்கும் பழக்கம் நின்ற குழந்தை மீண்டும் நனைத்தல் ஆகியவை அவர்களிடம் கவனிக்க வேண்டிய அடையாளங்கள். முதியவர்களிடம் எரிச்சல் இல்லாமலேயே சோர்வும் காய்ச்சலும் தோன்றலாம்.

தொற்று அல்லாத காரணங்கள்

ஒரே வகைத் தொல்லைக்குப் பின்னால் வெவ்வேறு நோய்கள் இருக்கலாம் என்பதே இதில் முக்கியமாக அறிய வேண்டியது.

சர்க்கரை நோய்: அடிக்கடி சிறுநீர் வருவதுடன் ஒவ்வொரு முறையும் அதிக அளவில் வெளியேறி, தாகமும் மிகுந்தால், இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் தொற்று வாய்ப்பையும் கூட்டுகிறது.

சிறுநீரகக் கல்: விலாவில் தொடங்கி அடிவயிறு, தொடை இடுக்கு வரை அலை அலையாகப் பரவும் கடும் வலி இதன் அடையாளம்.

புராஸ்டேட் வீக்கம்: நடுத்தர வயதைக் கடந்த ஆண்களுக்குச் சிறுநீர் தொடங்கத் தாமதம், மெலிந்த ஓட்டம், கழித்த பின்னும் சொட்டுதல், இரவில் பலமுறை எழுதல் ஆகியவை ஏற்படும்.

சிறுநீர்க் கசிவு: இருமும்போதும் சிரிக்கும்போதும் கசிவது, இடுப்புத்தளத் தசைகள் தளர்வதால் நேர்கிறது. பிரசவத்திற்குப் பின் பெண்களிடம் இது அதிகம். எரிச்சலின்றித் திடீர் அவசரம் மட்டும் ஏற்படுவது, சிறுநீர்ப்பை மிகையாகச் செயல்படுவதன் அறிகுறி. இரண்டுக்கும் பயிற்சிகளும் சிகிச்சைகளும் உள்ளன. வெட்கத்தால் மறைக்க வேண்டியதில்லை.

மாதவிடாய் நின்ற பிறகு: ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பு வறண்டு, எரிச்சலும் தொற்றும் திரும்பத் திரும்ப வரலாம்.

காசநோய்: சிறுநீரில் சீழ் அணுக்கள் தொடர்ந்து காணப்பட்டும் வழக்கமான பரிசோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை என்றால், சிறுநீர்ப்பாதைக் காசநோய்க்கான சோதனையும் தேவைப்படலாம்.

வலியில்லாத இரத்தம் - அலட்சியம் வேண்டாம்

வலியோ எரிச்சலோ இன்றிச் சிறுநீரில் இரத்தம் தென்பட்டு, மறுநாள் தானாகவே நின்றுவிட்டால் பலரும் நிம்மதி அடைந்துவிடுகின்றனர். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இவ்வாறுதான் வெளிப்படத் தொடங்கும். பீடி, சிகரெட் புகைப்பது இதற்கு முதன்மையான காரணம். பீட்ரூட் சாப்பிட்டாலும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மருந்தாலும் சிறுநீர் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறமாகலாம். எனினும், காரணத்தை உறுதி செய்ய வேண்டியது பரிசோதனையே. இரத்தம் ஒரே ஒருமுறை தென்பட்டாலும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

முதலில் பரிசோதனை, பிறகே மாத்திரை

மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை ஓரிரு நாள் விழுங்கினால் எரிச்சல் தணியலாம். ஆனால் தப்பிப் பிழைக்கும் கிருமிகள் அம்மருந்துக்குக் கட்டுப்படாதவையாக இருக்கும். இது கற்பனையான அச்சம் அல்ல. 2008-ஆம் ஆண்டில், இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நாட்டு நோயாளி ஒருவரின் சிறுநீரில் இருந்த கிருமியிடமிருந்துதான், வலிமை மிக்க கார்பபெனெம் மருந்துகளையும் முறியடிக்கும் என்.டி.எம்.-1 நொதி முதன்முதலில் கண்டறியப்பட்டது. மருத்துவரின் சீட்டின்றி வாங்கக் கூடாத மருந்துகளை மக்கள் அடையாளம் காண, அட்டையில் உள்ள சிவப்புக் கோடு குறித்த விழிப்புணர்வு இயக்கத்தை மத்திய அரசு 2016-ஆம் ஆண்டில் தொடங்கியது.

சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் சீழ் அணுக்கள், இரத்தம், சர்க்கரை ஆகியவை தெரியவரும். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து வேலை செய்யும் என்பதை 'யூரின் கல்ச்சர்' காட்டும். முடிவு வர இரண்டு, மூன்று நாட்கள் ஆகலாம். மாதிரியை மருந்து தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, இடையில் வருவதைக் கிருமி நீக்கிய குப்பியில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கு அறிகுறியே இல்லாமலும் தொற்று இருக்கலாம் என்பதால், இந்தப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

மைசூருவில் வசிப்போர் கிருஷ்ணராஜேந்திரா மருத்துவமனை, பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான செலுவாம்பா மருத்துவமனை ஆகிய அரசு மருத்துவமனைகளை அணுகலாம்.

தடுக்க என்ன வழி?

தண்ணீரின் பயனுக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அடிக்கடி சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு ஆளான, குறைவாகத் தண்ணீர் அருந்தும் 140 பெண்களிடம் பல்கேரியாவில் நடத்தப்பட்ட ஆய்வு 2018-ஆம் ஆண்டில் வெளியானது. தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறையும், வழக்கம்போல் இருந்தவர்களுக்கு 3.2 முறையும் தொற்று ஏற்பட்டது. சிறுநீரக, இதய நோயாளிகள் மட்டும் தண்ணீர் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழித்தல், பெண்கள் முன்னிருந்து பின்னாகக் கழுவுதல், உடலுறவுக்குப் பின் சிறுநீர் கழித்தல், மலச்சிக்கலைத் தவிர்த்தல், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல் ஆகியவையும் உதவும். திருவிழாவுக்கோ பயணத்துக்கோ கிளம்பும்போது தண்ணீர் பாட்டிலைத் தவிர்ப்பதற்குப் பதிலாக, வழியில் கழிப்பறை எங்கே உள்ளது என்பதை முன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது.

(பொறுப்புத் துறப்பு: இக்கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்கானது மட்டுமே. அறிகுறிகள் இருப்பின் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.)