லாரியில் ஏறிய பிறகு ஏறும் விலை

வேளச்சேரியிலிருந்து புனேவுக்கு மாற்றலாகிப் போகும் ஒரு குடும்பம். இணையத்தில் 'பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்' என்று தேடி, கண்ணில் பட்ட தளத்தில் கைபேசி எண்ணைப் பதிந்ததும் வரிசையாக அழைப்புகள் வருகின்றன. ஒருவர் 48,000 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 45,000. மூன்றாவது ஆள், "எல்லாம் சேர்த்து 28,000, முடிச்சுக் கொடுத்துடறேன் சார்" என்கிறார். வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சாமான்களைப் பார்க்கவில்லை. இரண்டு பெட்ரூம் வீடா என்று கேட்டதோடு சரி. டோக்கன் அட்வான்ஸ் போகிறது. குறித்த நாளில் நான்கு பேர் வந்து கட்டிலைக் கழற்றி, பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மாலைக்குள் லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். மறுநாள் குடும்பம் ரயிலில் போய்க்கொண்டிருக்கும்போது அழைப்பு வருகிறது: "சார், சாமான் நீங்க சொன்னதைவிட ரொம்பக் கூட. 52,000 ஆகுது. பாக்கியைப் போட்டாத்தான் குடோன்லேர்ந்து வண்டி கிளம்பும்."

இந்தத் தொகைகள் உதாரணத்துக்குச் சொன்னவை. நடக்கும் முறை மட்டும் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. புது ஊரில் வெறும் தரையில் குழந்தையைப் படுக்கவைத்திருப்பவர், திங்கட்கிழமை புது அலுவலகத்தில் சேர வேண்டியவர், கேஸ் அடுப்புகூட இல்லாமல் மூன்று வேளையும் வெளியில் சாப்பிடுபவர் எத்தனை நாள் பேரம் பேச முடியும்? கடன் வாங்கியாவது கட்டிவிடுவார். இந்த மோசடி அந்த நெருக்கடியை நம்பியே நடத்தப்படுகிறது.

முதலில் சொன்ன 28,000 கணக்குப் பிசகு அல்ல. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இரண்டு பெட்ரூம் வீட்டுச் சாமான் எத்தனை அடி லாரியில் அடங்கும் என்பது தெரியும். புனேவுக்கு டீசல், டோல், டிரைவர் படி எவ்வளவு ஆகும் என்பதும் தெரியும். தொலைபேசியில் பேசுபவர் பல நேரங்களில் வெறும் புக்கிங் ஏஜென்ட். அவருக்கு லாரியும் கிடையாது, குடோனும் கிடையாது. தன் கமிஷனை எடுத்துக்கொண்டு வேலையை இன்னொரு டிரான்ஸ்போர்ட்டிடம் தள்ளிவிடுவார். கட்டுப்படியாகாத தொகைக்கு வேலையை வாங்கியவர் அந்தப் பள்ளத்தை யாரிடமாவது நிரப்பிக்கொண்டுதான் ஆக வேண்டும். சாமான் லாரியில் ஏறிய பிறகு அவர் கையில் சிக்கியிருப்பது நீங்கள் ஒருவர்தான்.

பிறகு காரணங்கள் வரும். கனஅடி கூடிவிட்டது என்பார்கள். அளந்த காகிதம் இருக்காது. ஜிஎஸ்டி தனி என்பார்கள்; வரி ரசீது கேட்டால் பேச்சு மாறும். ரசீது இல்லாமல் வரி என்று வாங்கும் பணம் அரசுக்குப் போகிறது என்பதற்கு எந்த அத்தாட்சியும் இல்லை. மாநில எல்லையில் இ-வே பில் (சரக்கு ஏற்றிச் செல்வதற்கான மின்னணுச் சீட்டு) இல்லையென்று வண்டியைப் பிடித்துவிட்டார்கள், அபராதம் கட்ட வேண்டும் என்பது இன்னொரு பாட்டு. பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில் தேவையில்லை என்று ஜிஎஸ்டி விதிகளிலேயே விலக்கு இருக்கிறது. கேரளாவுக்குப் போகிறவர்களிடம் 'யூனியன் கூலி' என்று ஒரு பெரிய தொகை கேட்பதுண்டு. இறக்கும் வேலைக்குக் கூலி உண்டு, அது நியாயம். ஆனால் வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் கேட்கும் 'நோக்குகூலி'யைக் கேரள அரசு 2018 மே 1 முதல் ஒழித்துவிட்டது.

காப்பீடு என்ற பெயரில் வாங்கும் பணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாமானின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்டு வாங்குவார்கள். பாலிசியைக் கேளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயில் பதிவு பெற்ற காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் உள்ள காகிதம் வந்தால்தான் அது காப்பீடு. தங்கள் லெட்டர்ஹெட்டில் 'டிரான்சிட் ரிஸ்க்' என்று எழுதிக் கொடுத்தால், ஃபிரிட்ஜ் நசுங்கிய அன்று எந்தக் காப்பீட்டு நிறுவனத்திடமும் போய் நிற்க முடியாது.

1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் உதாரணம்

பாதிக்கப்பட்டவர்களில் பலர், கேட்டதைக் கொடுத்துச் சாமானை மீட்டுவிட்டு, 'நாமே சம்மதித்துத்தானே கொடுத்தோம், இனி என்ன செய்ய' என்று விட்டுவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவு, ஒருவரின் பொருளைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்துக்கொண்டு அவரை ஓர் ஒப்பந்தத்துக்கு இணங்கவைப்பதை வலுக்கட்டாயம் என்கிறது. அதாவது, லாரியை நிறுத்திவைத்துக்கொண்டு உங்களிடம் வாங்கிய 'சரி'க்கு மதிப்பில்லை. 72ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வலுக்கட்டாயத்தின் பேரில் பணம் வாங்கியவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லி, அதற்கு ஓர் உதாரணமும் தருகிறது. ஒரு ரயில்வே கம்பெனி சட்டத்துக்குப் புறம்பான கட்டணத்தைக் கட்டினால்தான் சரக்கைத் தருவேன் என்கிறது. சரக்குக்குரியவர் வேறு வழியில்லாமல் கட்டி எடுத்துக்கொள்கிறார். கூடுதலாக வாங்கிய அளவுக்கு அவர் திரும்பப் பெறலாம். ரயில்வே கம்பெனி என்ற இடத்தில் மூவர்ஸ் கம்பெனியை வைத்துப் பாருங்கள், வேளச்சேரிக் குடும்பத்தின் கதை அப்படியே பொருந்தும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த இந்தப் பாதுகாப்பு நம் மக்களுக்குத் தெரியாமலே கிடப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

நிறுவனத்துக்கும் உரிமை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. பேசிய வாடகையே வராவிட்டால், அந்த நியாயமான பாக்கிக்காகச் சரக்கைப் பிடித்து வைக்க அவர்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பட்டியலில் சொல்லாத வாஷிங் மெஷினையும் இரண்டு பீரோவையும் கடைசி நேரத்தில் ஏற்றச் சொன்னால் கூடுதல் கேட்பதிலும் தவறில்லை. ஆகவே எது பேசியது, எது பேசாதது என்பதைக் காட்டும் காகிதம் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

ஏற்றுவதற்கு முன்

வீட்டுக்கு வந்தோ, வீடியோ அழைப்பிலோ சாமான்களைப் பார்க்காமல் விலை சொல்பவரை ஒதுக்கிவிடுங்கள். மற்றவர்கள் சொல்வதில் பாதியைச் சொல்பவரைப் பற்றிச் சந்தேகப்படுவதுதான் புத்திசாலித்தனம். பார்த்துவிட்டுச் சொன்ன விலையை எழுத்தில் வாங்குங்கள். பேக்கிங், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லிஃப்ட் இல்லாத மாடி, டோல், ஜிஎஸ்டி எல்லாம் அதில் அடக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதவையுங்கள். வண்டி முழுவதும் உங்களுக்கா, அல்லது வேறு வீட்டுச் சாமான்களோடு சேர்ந்து போகும் பார்ட் லோடா என்பதும் அதில் இருக்கட்டும். தாமதங்களும், வழியில் வண்டி மாற்றி ஏற்றுவதும் பெரும்பாலும் பார்ட் லோடில்தான் நடக்கும்.

ஜிஎஸ்டி எண்ணை வாங்கி அரசின் ஜிஎஸ்டி தளத்தில் தட்டிப் பாருங்கள். உரிமையாளரின் சட்டபூர்வமான பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் யாருக்கும் தெரியும்படி அங்கே இருக்கிறது. பதினைந்து இலக்கங்களில் முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. சென்னைக் கிளை என்று சொல்லிக்கொண்டு வேறு மாநில எண்ணைக் கொடுத்தால் விளக்கம் கேளுங்கள். பணத்தை அந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், யாரோ ஒருவரின் கைபேசி எண்ணுக்கு அல்ல.

பிரபலமான பெயரைப் பார்த்ததும் நம்பிவிடவும் கூடாது. இத்துறையில் பெயரைக் காப்பியடிப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பதற்கு நீதிமன்றப் பதிவே இருக்கிறது. அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்ற பெயருக்கு உரிமை கொண்ட டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம், தன் பெயரைத் தேடுவோருக்கு வேறு ஆட்களின் விளம்பரம் காட்டப்படுவதை எதிர்த்து கூகுள் மீது வழக்குத் தொடர்ந்தது. விளம்பரத் திட்டத்தில் கூகுள் ஒதுங்கி நிற்கும் தரப்பு அல்ல, வணிகமுத்திரை மீறல் நடந்தால் இடைத்தரகர் என்ற சட்டப் பாதுகாப்பை அது கோர முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2023 ஆகஸ்டில் சொன்னது. தேடலில் முதலில் வருவது பணம் கட்டிய விளம்பரமாக இருக்கலாம் என்பது நினைவில் இருக்கட்டும். அட்வான்ஸை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் அது இணையப் பண மோசடி. உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.

ஏற்றும் நாளில் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. களைப்பில் பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சூப்பர்வைசர் நீட்டும் பேக்கிங் லிஸ்டில் '42 பெட்டி, மிக்ஸட் ஐட்டம்' என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். டிவி எந்த பிராண்ட், எத்தனை அங்குலம், ஏற்கெனவே கீறல் உண்டா என்று எழுதவையுங்கள். பெட்டிகளுக்கு எண் போட்டு, எந்த எண்ணில் மிக்ஸி, எந்த எண்ணில் பாடப் புத்தகம் என்று உங்கள் நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள். லாரியின் கதவு சாத்தும் முன் உள்ளே ஒரு வீடியோ, நம்பர் பிளேட்டை ஒரு படம் எடுங்கள். எல்.ஆர். (லாரி ரசீது) காப்பி கையில் வராமல் வண்டியை அனுப்பாதீர்கள். அதில் வாடகையும் மீதித் தொகையும் சரக்கின் மதிப்பும் எழுதியிருக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, அதிக மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காவிட்டால், சேதத்துக்கான பொறுப்பு வாடகையைப் போலப் பத்து மடங்கு என்ற வரம்போடு நின்றுவிடும்.

மதிப்பெண் சான்றிதழ், பத்திரம், பாஸ்போர்ட், நகை, அன்றாட மருந்து எதையும் லாரியில் ஏற்றக் கூடாது. திருட்டுப் பயத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அவை உள்ளே இருந்தால், பணம் கேட்டு மிரட்டுபவருக்கு நீங்கள் இன்னும் சீக்கிரம் பணிய வேண்டியிருக்கும்.

வண்டி நின்றுவிட்டால்

டிரைவரோடு சண்டை வேண்டாம். அவருக்கும் வாடகைப் பணம் வந்திருக்காது. வண்டி எங்கே நிற்கிறது, எந்த டிரான்ஸ்போர்ட்டில் இருக்கிறது என்பதை அவரிடம்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நிறுவனத்துக்கு வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள்: பேசிய தொகை இவ்வளவு, கட்டியது இவ்வளவு, மீதி இவ்வளவைச் சாமான் வந்து சேர்ந்ததும் கொடுக்கத் தயார், நீங்கள் கூடுதலாகக் கேட்பதற்குக் காரணம் என்ன? இந்த ஒரு செய்தி பின்னால் பெரிய சாட்சியாக நிற்கும். நியாயமான பாக்கியைத் தரத் தயார் என்று எழுதிவிட்ட பிறகு சரக்கைப் பிடித்து வைப்பதற்கு அவர்களுக்குக் காரணம் இல்லாமல் போகிறது. தொலைபேசியிலேயே பேசி முடிக்கப் பார்ப்பார்கள். நீங்கள் எழுத்தை விட்டு விலகாதீர்கள்.

அதே நாளில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் அழையுங்கள். வழக்குக்கு முன்பே நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயலும் ஏற்பாடு அது. பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கும் நிறுவனம் அதற்குப் பதில் சொல்லும்; பெயரே போலியாக இருந்தால் சொல்லாது. அப்போது காவல் நிலையம் போகத்தான் வேண்டும். அங்கே "ரேட் தகராறு" என்று பேச்சைத் தொடங்கினால் "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். "ஏற்றிச் செல்ல ஒப்படைத்த சாமானைத் தராமல் வைத்துக்கொண்டு பணம் கேட்கிறார்கள்" என்று வண்டி எண்ணோடும் எல்.ஆர். காப்பியோடும் எழுதிக் கொடுங்கள். சரக்கை ஏற்றிச் செல்பவர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(3) பிரிவு ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. சம்பவம் எந்த எல்லையில் நடந்தது என்பதைக் காரணம் காட்டி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலை வாங்க மறுக்கக் கூடாது என்பதும் இப்போது சட்டம்.

இத்தனைக்குப் பிறகும் பணம் கட்டாமல் முடியாது என்றால் கட்டிவிடுங்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு கொள்கைக்காகப் பல நாள் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே அனுப்புங்கள். 'சாமானைத் தர மறுப்பதால் ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்' என்று அனுப்பும் முன்பே ஒரு செய்தி போய்விட வேண்டும். டெலிவரித் தாளில் 'அனைத்தும் நல்ல நிலையில் பெற்றேன்' என்று அச்சடித்திருந்தால், உடைந்ததையும் காணாமல் போனதையும் கூடுதலாகக் கட்டிய தொகையையும் அதன் மேலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மூட்டை கட்டிப் போகிறவர்களுக்குப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது. புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போடலாம். புனேவில் குடியேறியவர் புனேவிலேயே போடலாம். 'வழக்குகள் டெல்லி நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டவை' என்று ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். முன்பதிவு வாங்கிய நிறுவனம், சாமானை ஏற்றிச் சென்ற டிரான்ஸ்போர்ட் இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிப்பார். சாமான் இன்னும் அவர்கள் பிடியில் இருந்தால், அதை விடுவிக்க இடைக்கால உத்தரவும் அதே மனுவோடு கேட்கலாம். ஆணையங்களில் வழக்குகள் இழுத்தடிக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் கூடுதலாகப் பிடுங்கிய தொகையோடு, மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் சேர்த்துக் கேட்க முடிகிற இடம் அது.

புகாருக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. சாமான் உடைந்திருந்தாலோ குறைந்திருந்தாலோ கணக்கு வேறு: போக்குவரத்து நிறுவனத்துக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் 180 நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். அந்த 180 நாள், சாமான் உங்கள் வீட்டுக்கு வந்த தேதியிலிருந்து அல்ல, புக்கிங் செய்த தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். சேதம் எப்படி நேர்ந்தது, யாருடைய அஜாக்கிரதை என்பதை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை என்று அதே 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இன்ன சாமானை ஒப்படைத்தேன், இந்த நிலையில் வந்தது என்று காட்டினால் போதும். பெட்டிக்கு எண் போட்டு எழுதிய நோட்டும் கதவு சாத்தும் முன் எடுத்த வீடியோவும் அங்கேதான் தேவைப்படும்.