சோயா மொச்சை: மூன்று சாகுபடி முறைகளில் எது ஏற்றது?

சோயா மொச்சையில் ஏறத்தாழ 40 சதம் புரதமும் 20 சதம் எண்ணெயும் உள்ளன. இதை வழக்கமான முறையிலும், இயற்கை முறையிலும், மண் காப்பு முறையிலும் பயிரிடலாம். செலவில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது உழவும் களையும்தான்.

வழக்கமான முறை

நிலத்தை நன்கு உழுது, எக்டருக்கு 20 கிலோ தழைச்சத்து, 80 கிலோ மணிச்சத்து, 40 கிலோ சாம்பல் சத்து ஆகியவற்றை அடியுரமாக இட்டு, களைக்கொல்லி தெளிப்பர். களை தொடக்கத்திலேயே அடங்கும், ஆட்கூலி குறையும். ஆனால் கைமுதல் அதிகம் தேவை. விதைத்தபின் பெருமழை பெய்தால் வெறும் மண் பொருக்குத் தட்டி, முளைகள் வெளிவராமல் முறியும்.

இயற்கை முறை

எக்டருக்கு 12.5 டன் மக்கிய தொழு உரம் இட வேண்டும். பயறு வகைப் பயிரானதால் தழைச்சத்துக்குக் கவலையில்லை. களைதான் சோதனை. விதைத்த 20ஆம் நாளும் 35ஆம் நாளும் தவறாமல் களை எடுக்க வேண்டும். ஒரு களையைத் தவறவிட்டாலும் விளைச்சல் குறையும்.

மண் காப்பு முறை

உழாமல், முன்பயிரின் தாள்களுக்கிடையே விதை ஊன்றுவது இம்முறை. நெல் தரிசில் உளுந்து விதைக்கும் காவிரிப் பாசன விவசாயிகளுக்கு இது புதிதன்று. உழவுச் செலவு மிச்சம். மூடாக்கு ஈரத்தைக் காக்கும். கோரையும் அறுகும் மண்டிய நிலத்துக்கு இது ஏற்றதல்ல. வைக்கோல் முழுவதும் மாட்டுக்குப் போய்விட்டால் மூடாக்குக்கு மிஞ்சாது. தாளைச் சற்று உயரமாக விட்டு அறுத்தால் மாட்டுக்கும் மண்ணுக்கும் பங்கு கிடைக்கும்.

மூன்றுக்கும் பொது

எந்த முறையானாலும் சோயாவுக்கென்றே உள்ள ரைசோபியத்தை விதையுடன் கலக்க வேண்டும். உளுந்து, நிலக்கடலைக்குரியது உதவாது. எக்டருக்கான விதைக்கு 600 கிராம் நுண்ணுயிரை ஆறிய கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி உடனே விதைக்கவும். 35ஆம் நாள் செடியொன்றைப் பிடுங்கி வேர் முடிச்சை நறுக்கிப் பார்க்கவும். உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. மேலும் யூரியா இடுவது வீண்.

குடும்பத்தில் ஆள்பலம் இருந்தால் இயற்கை முறையும், களை குறைந்த நெல் தரிசுக்கு மண் காப்பு முறையும், களை மண்டிய நிலத்துக்கு முதலாண்டில் உழவும் ஏற்றவை. முறையை மாற்ற விரும்புவோர் முதலில் 10 சென்டில் செய்து, வரவு செலவு எழுதிப் பார்த்தபின் விரிவாக்குவது நலம்.