விண்டோஸ் எக்ஸ்பி நிறுவல் வட்டில் வன்தட்டுக் கட்டுப்படுத்தி இயக்கிகளைச் சேர்த்தல்

விண்டோஸ் எக்ஸ்பி நிறுவல் வட்டில் வன்தட்டுக் கட்டுப்படுத்தி இயக்கிகளைச் சேர்த்தல் என்பது, அந்த இயங்குதளத்தின் நிறுவல் குறுவட்டில் இல்லாத இயக்கிகளை அதன் கோப்புகளோடு முன்கூட்டியே இணைத்து, புதிய நிறுவல் வட்டு ஒன்றை ஆக்கிக்கொள்ளும் முறையாகும். கணினித் துறையில் இதை ஸ்லிப்ஸ்ட்ரீமிங் என்பர். இயக்கி என்பது பேச்சு வழக்கில் டிரைவர் எனப்படும் சிறு மென்பொருள். வன்பொருள் ஒன்றோடு பேசுவதற்கு இயங்குதளத்துக்கு அது கட்டாயம் வேண்டும்.

இக்கட்டுரையில் கோப்புப் பெயர்கள் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. கணினித் திரையில் அவை ஆங்கில எழுத்துகளிலேயே இருக்கும்.

தேவை எழுந்த சூழல்

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று விற்பனைக்கு வந்தது. அப்போது வீட்டுக் கணினிகளில் இருந்தவை அகன்ற நாடா போன்ற கம்பியால் இணைக்கப்பட்ட ஐடிஇ வகை வன்தட்டுகள். மெல்லிய கம்பியில் இணையும் சாட்டா வன்தட்டுக்கான வரையறை 2003இல் வந்தது. அவ்வன்தட்டுகளை முழுத் திறனோடு இயக்கும் ஏஎச்சிஐ என்னும் கட்டுப்படுத்தி முறை 2004இல் வரையறுக்கப்பட்டது. எக்ஸ்பி நிறுவல் வட்டில் ஏஎச்சிஐ முறைக்கான இயக்கி கடைசிவரை சேர்க்கப்படவில்லை. 2007இல் பொதுவிற்பனைக்கு வந்த விஸ்டாவில்தான் அது உள்ளிணைந்து வந்தது.

எக்ஸ்பிக்குச் சாட்டா வன்தட்டு தெரியாது என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியன்று. சாட்டா கட்டுப்படுத்தி பழைய ஐடிஇ முறையைப் போல நடந்துகொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தால், எக்ஸ்பி எந்தச் சிக்கலுமின்றி அதில் நிறுவப்படும். கட்டுப்படுத்தி ஏஎச்சிஐ அல்லது ரெய்டு முறையில் இருக்கும்போதுதான் தடை வருகிறது.

அந்தத் தடை இரண்டு வடிவங்களில் தோன்றும். ஒன்று, இக்கணினியில் வன்தட்டு எதுவும் காணப்படவில்லை, எஃப்3 விசையை அழுத்தி வெளியேறவும் என்ற அறிவிப்பு. மற்றொன்று, 7பி என முடியும் பிழை எண்ணோடு கூடிய நீலத்திரை. துவக்கச் சாதனத்தை அணுக முடியவில்லை என்பது அவ்வெண்ணின் பொருள். முதல் அறிவிப்பைப் படித்துவிட்டு வன்தட்டு பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டி, நல்ல வன்தட்டைக் கழற்றிப் புதிது வாங்கியவர்கள் உண்டு. புதிய வன்தட்டைப் பொருத்திய பிறகும் அதே அறிவிப்புதான் வரும். பழைய வன்தட்டில் இருந்த படங்களும் கணக்குகளும் இதற்குள் குப்பைக்குப் போயிருந்தால் அவற்றை மீட்க வழியில்லை. ஆகவே அவ்வறிவிப்பை, வன்தட்டே இல்லை என்று கொள்ளாமல், வன்தட்டோடு பேச இயக்கி இல்லை என்று படிக்க வேண்டும்.

எக்ஸ்பிக்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்திவிட்டது. அதன் பின்னும் இந்த வேலை முற்றிலும் ஒழியவில்லை. பட்டறை இயந்திரத்தையோ ஆய்வகக் கருவியையோ கட்டுப்படுத்தும் மென்பொருள் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும் இடங்கள் உள்ளன. தமிழ் அச்சுத்துறையில் பேஜ்மேக்கர் மென்பொருளிலும், யூனிகோடுக்கு முந்தைய டாம், டாப் போன்ற எழுத்துருக் குறியேற்றங்களிலும் செய்து வைத்த பழைய புத்தகக் கோப்புகளைப் பிழையின்றித் திறக்க, அக்காலத்துக் கணினி அமைப்பே கைகொடுப்பதும் உண்டு. இத்தகைய கணினியை இணையத்தோடு இணைக்காமல் தனியே வைத்திருப்பதே பாதுகாப்பு.

பயாசுக்குத் தெரிவது நிறுவல் நிரலுக்குத் தெரியாதது ஏன்?

மாணவர்களைப் பெரிதும் குழப்பும் இடம் இது. கணினியை முடுக்கியதும் பயாஸ் திரையில் வன்தட்டின் பெயரும் கொள்ளளவும் தெளிவாகத் தெரிகின்றன. சில நிமிடங்கள் கழித்து நிறுவல் நிரல் வன்தட்டே இல்லை என்கிறது. இரண்டும் உண்மைதான்.

குறுவட்டிலிருந்து கணினி துவங்கும்போது, தொடக்க வேலைகள் யாவும் பயாசின் உதவியோடு நடக்கின்றன. செட்டப்எல்டிஆர் என்னும் சிறு நிரல், குறுவட்டின் ஐ386 கோப்புறையிலிருந்து விண்டோசின் கருநிரலையும் தேவையான இயக்கிகளையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. நீலநிறத் திரையின் அடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்கள் ஓடுவது அப்போதுதான். ஏற்றி முடிந்ததும் கருநிரல் ஆட்சியைக் கையில் எடுத்துக்கொள்கிறது. அந்த நொடியிலிருந்து பயாசின் வழியாக வன்தட்டை அணுகுவது நின்றுவிடும். தான் ஏற்றிக்கொண்ட இயக்கிகளை மட்டுமே அது நம்பியிருக்கும். வாசல் வரை கைபிடித்து அழைத்து வந்தவர் வாசலோடு திரும்பிவிட, உள்ளே மொழி தெரியாமல் நிற்கும் விருந்தாளியின் நிலைதான் நிறுவல் நிரலின் நிலை.

எந்தெந்த இயக்கிகளை ஏற்ற வேண்டும் என்ற பட்டியல் ஐ386 கோப்புறையில் உள்ள டிஎக்ஸ்டிசெட்டப்.எஸ்ஐஎஃப் என்ற உரைக்கோப்பில் இருக்கிறது. பட்டியலில் புதிய இயக்கியின் பெயரைச் சேர்த்து, அந்த இயக்கியையும் அதே கோப்புறையில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. இக்கட்டுரை விளக்கும் முறைகள் எல்லாம் இந்த ஒன்றைச் செய்வதற்கான வெவ்வேறு வழிகளே.

எஃப்6 விசையும் நெகிழ்வட்டும்

மைக்ரோசாஃப்ட் இதற்காக வைத்திருந்த வழி வேறு. நிறுவல் தொடங்கியவுடன் திரையின் அடியில் எஃப்6 விசையை அழுத்துமாறு ஒரு வரி சில நொடிகள் தோன்றும். அதற்குள் அழுத்திவிட வேண்டும். அழுத்தியதும் ஒன்றும் நடவாததுபோல் இருக்கும். சற்றுப் பொறுத்தே கேள்வி வரும். அப்போது எஸ் விசையை அழுத்தி, ஏ இயக்ககத்தில் 1.44 மெகாபைட் நெகிழ்வட்டைச் செருகி, பட்டியலிலிருந்து கட்டுப்படுத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெகிழ்வட்டின் முதன்மை இடத்தில் டிஎக்ஸ்டிசெட்டப்.ஓஇஎம் என்ற கோப்பு இருப்பது கட்டாயம். கோப்புகளைப் படியெடுக்கும் கட்டத்தில் நிறுவல் நிரல் அந்த நெகிழ்வட்டை மீண்டும் தேடும் என்பதால், தேர்ந்தெடுத்தவுடன் அதை வெளியே எடுத்துவிடக் கூடாது.

ஏஎச்சிஐ கட்டுப்படுத்தி உள்ள மடிக்கணினிகளில் பெரும்பாலும் நெகிழ்வட்டு இயக்ககமே கிடையாது. யூஎஸ்பி வழியாக இணைக்கும் நெகிழ்வட்டு இயக்ககங்களில் சில மாதிரிகளை மட்டுமே எக்ஸ்பி நிறுவல் ஏற்கும். விரல் அளவுள்ள யூஎஸ்பி நினைவகத்தில் இயக்கியை வைத்துக்கொண்டு எஃப்6 அழுத்துவதால் பயனில்லை. நிறுவல் நிரல் ஏ இயக்ககத்தைத் தவிர வேறெங்கும் பார்க்காது. ஆகவேதான் இயக்கியைக் குறுவட்டுக்குள்ளேயே வைத்துவிடும் வழக்கம் பரவியது.

சரியான இயக்கியைக் கண்டறிதல்

ஒவ்வொரு கட்டுப்படுத்திக்கும் இரண்டு அடையாள எண்கள் உண்டு. முதலாவது தயாரித்த நிறுவனத்தின் எண். இரண்டாவது சாதனத்தின் எண். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. அதன் புகழ்பெற்ற செயலியின் பெயரையே நிறுவன எண்ணாகவும் வைத்துக்கொண்டார்கள். சாதன எண் 2829 எனில் அது மடிக்கணினிகளுக்கான ஐசிஎச்8எம் ஏஎச்சிஐ கட்டுப்படுத்தி. 27சி5 எனில் ஐசிஎச்7எம்.

கணினியில் ஏற்கெனவே வேறு விண்டோஸ் பதிப்பு இருந்தால், சாதன மேலாளரில் கட்டுப்படுத்தியின் பண்புகளைத் திறந்து, விவரங்கள் பகுதியில் வன்பொருள் அடையாளங்களைப் பார்த்து இவ்வெண்களைக் குறித்துக்கொள்ளலாம். நிறுவாமலே குறுவட்டிலிருந்து ஓடும் லினக்ஸ் ஒன்றைக் கொண்டும் அறியலாம். பிறகு, பதிவிறக்கிய இயக்கியின் ஐஎன்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்து அதே எண் உள்ளதா என்று தேட வேண்டும். எண் இல்லையெனில் அந்த இயக்கி பயன்படாது. பெயர் எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும் சரி.

தயாரிப்பாளர்கள் இயக்கியைத் தானே நிறுவிக்கொள்ளும் கோப்பாகத் தருவதும் உண்டு. அதை அப்படியே வட்டில் சேர்க்க முடியாது. விரித்தெடுத்து, எஸ்ஒய்எஸ், ஐஎன்எஃப், சிஏடி, ஓஇஎம் ஆகிய வகைக் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்டெல் கட்டுப்படுத்திகளுக்கு எஃப்6 நெகிழ்வட்டுக்கென்றே தரப்பட்ட தொகுப்பில் இவை விரித்த நிலையிலேயே இருக்கும். 32 பிட் எக்ஸ்பிக்கு 32 பிட் இயக்கியே தேவை.

என்லைட் மூலம் சேர்த்தல்

பெரும்பாலோர் கையாண்டது என்லைட் என்னும் இலவச மென்பொருளை. அது இயங்க டாட்நெட் 2.0 தேவை. முதலில் சொந்த எக்ஸ்பி குறுவட்டின் உள்ளடக்கம் முழுவதையும் வன்தட்டில் ஒரு கோப்புறைக்குப் படியெடுக்க வேண்டும். ஐ386 கோப்புறையை மட்டும் எடுத்தால் போதாது. வட்டின் முதன்மை இடத்தில் உள்ள வின்51 போன்ற சிறு அடையாளக் கோப்புகள் விடுபட்டால், நிறுவலின் நடுவே குறுவட்டைச் செருகு என்று கணினி கேட்டுக்கொண்டே இருக்கும்.

என்லைட்டில் அக்கோப்புறையைக் காட்டி, செய்ய வேண்டிய பணிகளாக இயக்கிகள், துவக்கத்தக்க ஐஎஸ்ஓ ஆகிய இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும். சேவைப் பொதி சேர்க்க வேண்டியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளலாம். விண்டோசின் உறுப்புகளை நீக்கிச் சிறிதாக்கும் வசதியும் அதில் இருக்கிறது. ஆசைப்பட்டு அதைத் தொட்டவர்கள் பின்னர் அச்சுப்பொறி வேலை செய்யவில்லை, பிணையம் கிடைக்கவில்லை என்று அலைந்ததுண்டு.

இயக்கியின் ஐஎன்எஃப் கோப்பைக் காட்டியதும் ஒரு சாளரம் திறந்து, இயக்கியை உரைமுறை இயக்கியாகச் சேர்ப்பதா, வழக்கமான இயக்கியாகச் சேர்ப்பதா என்று கேட்கும். முழு வேலையின் உயிர்நிலை இக்கேள்வியே. உரைமுறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கமான முறையில் சேர்த்தால் அந்த இயக்கி வண்ணத்திரை வரும் இரண்டாம் கட்டத்தில்தான் பயன்படும். வன்தட்டு தேவைப்படுவதோ நீலத்திரை நிலவும் முதற்கட்டத்திலேயே. அடுத்து வரும் பட்டியலில் முன்பு குறித்துக்கொண்ட கட்டுப்படுத்தியைத் தெரிவு செய்ய வேண்டும்.

இறுதியில் கிடைக்கும் ஐஎஸ்ஓ கோப்பைக் குறைந்த வேகத்தில் குறுவட்டில் பதிவதே நல்லது. கோப்பாகப் பதியாமல் வட்டுப்படிமமாகப் பதிய வேண்டும். ஏதேனும் தவறிவிட்டால், ஒருமுறை மாற்றிய கோப்புறையை மீண்டும் திருத்த முனையாமல், மூலக் குறுவட்டிலிருந்து புதிதாகப் படியெடுத்துத் தொடங்குவதே குழப்பமற்றது.

கையால் செய்வது

என்லைட் உள்ளே செய்வதைக் கையாலும் செய்யலாம். இன்டெல் இயக்கியை எடுத்துக்கொண்டால், ஐஏஸ்டோர்.எஸ்ஒய்எஸ் கோப்பை மேக்கேப் கட்டளையால் சுருக்கி ஐ386 கோப்புறையில் வைக்க வேண்டும். சுருக்கிய கோப்பின் பெயரில் கடைசி எழுத்துக்குப் பதில் அடிக்கோடு வரும். பிறகு டிஎக்ஸ்டிசெட்டப்.எஸ்ஐஎஃப் கோப்பில் நான்கு இடங்களில் வரிகள் சேர்க்க வேண்டும்: கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் பகுதி, ஏற்ற வேண்டிய இயக்கிகளின் பகுதி, அவற்றின் பெயர்ப் பகுதி, அடையாள எண்ணை இயக்கியோடு பொருத்தும் பகுதி. டாஸ்நெட்.ஐஎன்எஃப் கோப்பிலும் ஒரு வரி சேரும். ஒரு காற்புள்ளி பிசகினாலும் நிறுவல் நின்றுவிடும். பள்ளி, கல்லூரி மாணவர்கள் இதை ஒருமுறையாவது செய்து பார்த்தால், இயங்குதளம் எவ்வாறு எழுந்து நிற்கிறது என்பது பாடநூலைவிடத் தெளிவாக விளங்கும்.

பயாசில் மாற்றிவிடும் குறுக்குவழி

பல கணினிகளின் பயாசில் கட்டுப்படுத்தியை ஏஎச்சிஐ முறையிலிருந்து ஐடிஇ முறைக்கு மாற்றும் வசதி உண்டு. மாற்றிவிட்டால் பழைய குறுவட்டே போதும். ஒரே ஒரு கணினியில் நிறுவ வேண்டியவருக்கு இதுவே எளிது. கட்டளைகளை வரிசை மாற்றி விரைவாக முடிக்கும் ஏஎச்சிஐ வசதி கிடைக்காது என்பது இதன் இழப்பு. ஆயினும் நிறுவிய பின் மீண்டும் ஏஎச்சிஐக்கு மாற்றினால் அதே 7பி நீலத்திரை வரும். சில மடிக்கணினிகளின் பயாசில் இந்த வசதியே இருக்காது.

ரெய்டு முறையில் உள்ள கணினியில் இக்குறுக்குவழியை நினைத்தும் பார்க்கக் கூடாது. இரண்டு வன்தட்டுகள் சேர்ந்து ஒன்றாகத் தோன்றும்படி அமைத்திருக்கும்போது ஐடிஇக்கு மாற்றினால், அவை தனித்தனியாக, வெற்று வன்தட்டுகள் போலவே தோன்றக்கூடும். அவற்றில் ஒன்றில் எக்ஸ்பியை நிறுவினால் இரண்டிலும் பரவியிருந்த தரவு அழிந்துபோகும்.

தரவு இழப்பு நேரும் பிற இடங்கள்

புதிய வட்டு சரியாக அமைந்ததும், அதுவரை இல்லை என்று சொல்லப்பட்ட வன்தட்டு எல்லாப் பிரிவினைகளோடும் திரையில் வந்துவிடும். வெற்றி கண்ட மகிழ்ச்சியில் விசைகளை அழுத்திக்கொண்டே போவது ஆபத்து. அத்திரையில் டி விசை பிரிவினையை நீக்குவது. அடுத்தடுத்து எண்டர், எல் விசைகளை அழுத்தினால் நீக்கம் உறுதியாகிவிடும். தேவையான கோப்புகளை முன்பே வேறிடத்தில் படியெடுத்து வைத்து, வேறு யூஎஸ்பி சேமிப்பகங்களைக் கழற்றிவிட்டே இவ்வேலையில் இறங்க வேண்டும்.

2001இல் வந்த முதற்பதிப்புக் குறுவட்டுக்கு மற்றொரு குறை உண்டு. 137 கிகாபைட்டுக்கு மேற்பட்ட வன்தட்டை அது முழுமையாகக் கையாளாது. 2002இல் வந்த முதல் சேவைப் பொதி அதைச் சரிசெய்தது. பழைய குறுவட்டை வைத்திருப்பவர்கள் 2008இல் வந்த மூன்றாம் சேவைப் பொதியை முதலில் இணைத்து, அதன் பின்னரே இயக்கியைச் சேர்க்க வேண்டும். கையால் செய்வோர் வரிசையை மாற்றினால், சேவைப் பொதி டிஎக்ஸ்டிசெட்டப்.எஸ்ஐஎஃப் கோப்பைப் புதிதாக எழுதிவிடும். பாடுபட்டுச் சேர்த்த வரிகள் காணாமற்போகும்.

சோதித்துப் பார்த்தல்

உருவாக்கிய ஐஎஸ்ஓ கோப்பைக் குறுவட்டில் பதிவதற்கு முன்பே விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மெய்நிகர் கணினி மென்பொருளில் சோதிக்கலாம். எக்ஸ்பிக்கு அது இயல்பாக ஐடிஇ கட்டுப்படுத்தியையே தரும். அதிலிருந்து வன்தட்டை எடுத்துச் சாட்டா கட்டுப்படுத்தியில் பொருத்த வேண்டும். அந்த மென்பொருள் போலச்செய்யும் சாட்டா கட்டுப்படுத்தி, மேலே சொன்ன 2829 எண் கொண்ட இன்டெல் ஐசிஎச்8எம். எனவே, மூலக் குறுவட்டு அதில் வன்தட்டு இல்லை என்று சொல்வதையும், அந்த எண்ணுக்கான இயக்கி சேர்த்த வட்டு அதே வன்தட்டைக் கண்டுகொள்வதையும் ஒரே மேசையில் அடுத்தடுத்துப் பார்க்கலாம். வேறு நிறுவனக் கட்டுப்படுத்தி உள்ள கணினிக்கு இந்தச் சோதனை முழுச் சான்றாகாது. வட்டு பிழையின்றித் துவங்குகிறதா என்பதை மட்டும் அது காட்டும்.