கரை சொல்லும் படகு

நுழையும்முன்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களின் மீன் அங்காடிகளில் நெத்திலியும் சங்கராவும் கவலையும் குவிந்திருப்பதைக் காண்கிறோம். அவற்றுள் பல, கரையை ஒட்டிய கடலில் சிறு படகுகளில் சென்று பிடிக்கப்பட்டவை. மூன்று நான்கு பேர் விடியலுக்கு முன் புறப்பட்டு, அலையைக் கடந்து, வலைவிரித்துத் திரும்பும் அத்தொழிலில் படகே நிலம், படகே முதலீடு, படகே உயிர்க்காப்பு. அத்தகைய படகை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? அதன் பின்னுள்ள அறிவையும் பட்டறிவையும் இப்பாடம் விளக்குகிறது.

கரைக்கடலும் சிறுபடகும்

தமிழ்நாட்டின் கடற்கரை ஏறத்தாழ 1076 கிலோமீட்டர் நீளமுடையது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரையுள்ள பகுதியைப் பாரம்பரிய மீனவர்க்கென ஒதுக்கியுள்ளது. ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர் ஆதலால், இப்பகுதி ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் அகலமுடையது. பெரிய விசைப்படகுகள் இதற்கு அப்பாலேயே மீன்பிடிக்க வேண்டும். சிறுபடகு மீனவரின் அன்றாட வாழ்வு பெரிதும் இக்குறுகிய நீர்ப்பரப்பைச் சார்ந்துள்ளது.

நீர்நிலை மாறினால் மிதவையும் மாறும் என்பதைத் தமிழர் தொன்றுதொட்டே அறிந்திருந்தனர். புணை, அம்பி, ஓடம், தோணி, பஃறி, திமில், வங்கம், நாவாய் என நம் மொழியில் வழங்கும் பெயர்கள் இதற்குச் சான்றாகும். ஆற்றைக் கடக்க ஒன்று, உப்பு ஏற்ற ஒன்று, மீன்பிடிக்க ஒன்று, கடல்கடந்து வணிகம் செய்ய ஒன்று எனத் தொழிலுக்கும் நீருக்கும் ஏற்ப அவை வேறுபட்டன. சங்க இலக்கியங்கள் பரதவரின் மீன்பிடி கலமாகத் திமிலைக் காட்டுகின்றன. எந்நீருக்கும் பொருந்தும் ஒரே படகு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அலை உடையும் கரை

சோழமண்டலக் கடற்கரையில் இயற்கைத் துறைமுகங்கள் மிகக் குறைவு. பெரும்பகுதி திறந்த மணற்கரையாகும். ஆழ்கடலில் உருண்டு வரும் அலை, ஆழம் குறையக் குறைய உயர்ந்து, தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்தை அடையும்போது நிலைகுலைந்து உடைகிறது. ஒரு மீட்டர் உயர அலை, ஏறத்தாழ மார்பளவு நீரில் உடையும் என்பது இதன் பொருள். படகு கடக்க வேண்டிய மிக இடர்மிகுந்த பகுதி நடுக்கடலில் இல்லை. கரையிலிருந்து கூப்பிடு தொலைவிலேயே உள்ளது.

இக்கரைக்கு நம் முன்னோர் இரு விடைகளைக் கண்டனர். ஒன்று கட்டுமரம். எடை குறைந்த மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிக் கயிற்றால் பிணைத்து அதனை உருவாக்கினர். நடுக்கட்டைகள் சற்றுத் தாழ்ந்தும் ஓரக்கட்டைகள் சற்று உயர்ந்தும் அமைந்தன. அதற்குள் நீர் தேங்க இடமில்லை. மேலே ஏறிய அலை கட்டைகளின் இடைவெளி வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மிதக்கும், மீனவர் அதனைப் பற்றிக்கொண்டு நிமிர்த்தலாம். கரைசேர்ந்தபின் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே தூக்கிச்சென்று உலர்த்தலாம். நீரை உறிஞ்சிய மரம் கனத்துவிடும் ஆதலால் உலர்த்துதல் இன்றியமையாதது. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர், 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில் இம்மிதவையைக் குறிப்பிட்டுள்ளார். இன்று உலகெங்கும் இரட்டை உடற்பகுதி கொண்ட படகுகளைக் குறிக்கும் 'கேட்டமரான்' என்னும் சொல், கட்டுமரத்திலிருந்து பிறந்ததே.

மற்றொன்று சலங்கு, ஐரோப்பியர் இதனை 'மசூலா' என்றனர். பலகைகளை ஆணியால் அறையாமல் தென்னை நார்க்கயிற்றால் தைத்து இது கட்டப்பட்டது. அலை மோதும்போது விறைத்து நிற்காமல் வளைந்துகொடுத்தமையால் பலகைகள் பிளக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் எழும்வரை, சென்னைக்கு வந்த கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகளையும் சரக்குகளையும் கரைசேர்த்தவை இப்படகுகளே.

கட்டுமரத்திலிருந்து கண்ணாடியிழைக்கு

கட்டுமரத்துக்கும் குறைகள் உண்டு. மீனவர் நாள்முழுதும் நனைந்தபடியே உழைக்க வேண்டும். மிகுதியான வலையையும் மீனையும் ஏற்ற இயலாது. தகுந்த மரங்கள் அரிதாகி விலையும் உயர்ந்தது. இந்நிலையில் புதிய படகுகளுக்கான தேடல் தொடங்கியது. ஐக்கிய நாடுகள் அவையின் உணவு, வேளாண்மை அமைப்பு 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையைக் கடந்து மணலில் ஏறக்கூடிய படகுகளை வடிவமைத்துக் கிழக்குக் கடற்கரையில் சோதித்தது. கரையை நெருங்கும்போது எஞ்சினின் சுழல்விசிறியை மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்பு அவ்வாய்வின் குறிப்பிடத்தக்க பயனாகும். 1980களில் குமரி மாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பட்டன.

இறுதியில் பரவலாக வென்றது கண்ணாடியிழைப் படகு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை எண்ணற்ற கட்டுமரங்களை அழித்தபின், நிவாரணமாக வழங்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை இவ்வகைப் படகுகளே. இது மக்காது, நீரை உறிஞ்சிக் கனக்காது, எஞ்சினைத் தாங்கும், மீனவரை நனையாமல் காக்கும். ஆயினும் கரைக்கடலைப் பற்றி அறியாதோர் விரைந்து கட்டுவித்த படகுகள் சில, மெல்லிய உடலும் பொருந்தா வடிவமும் கொண்டிருந்தன. படகைக் கொடுப்பதற்கு முன் கரையைக் கேட்க வேண்டும் என்னும் பாடத்தை அக்காலம் உணர்த்தியது.

மூன்று கரைகள், மூன்று தேவைகள்

சென்னையையும் அதன் வடபகுதியையும் எடுத்துக்கொண்டாலே இவ்வுண்மை விளங்கும். இக்கடற்கரையில் மணல் ஆண்டுதோறும் பெரிதும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. துறைமுகத்தின் சுவர் அதனைத் தடுத்ததால், தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து கரை அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் கடல் கரையை அரித்தது.

மெரினா போன்ற அகன்ற மணற்கரையில் படகு மணலில் ஏற வேண்டும். அதன் அடிப்பகுதி தேய்மானத்தைத் தாங்குமாறு தடித்திருத்தல் வேண்டும். ஏராக்கட்டை மிக ஆழமாக இருத்தலாகாது. இத்தனைபேர் சேர்ந்தால் தள்ளமுடியும் என்னும் எடைவரம்பும் உண்டு. நால்வர் மட்டுமே உள்ள குழு, பதின்மர் தள்ளவேண்டிய படகை வாங்கினால் நாள்தோறும் பிறரையோ டிராக்டரையோ நம்பியிருக்க நேரும்.

கரை அரிக்கப்பட்டுக் கற்சுவர் எழுப்பப்பட்ட இடத்தில் மணலே இல்லை. அங்குள்ளோர் படகைக் காசிமேடு போன்ற துறைமுகத்திலோ தடுப்புச்சுவரின் மறைவிலோ நிறுத்த வேண்டும். ஆதலால் படகின் எடை சற்றுக் கூடினாலும் குற்றமில்லை; பாறையிலும் பிற படகுகளிலும் உரசுவதைத் தாங்கும் விளிம்புகளே அங்குத் தேவை.

திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு ஏரி முற்றிலும் வேறானது. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. ஆழம் குறைந்த அந்நீரில், தட்டையான அடிப்பகுதி கொண்டு, நீண்ட கழியால் ஊன்றித் தள்ளத்தக்க படகே பொருந்தும். அங்கு எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் வழக்கமும் உண்டு. எனவே, முந்திச்செல்லும் வேகத்தைவிட அமைதியான மிதப்பே அங்குப் பயன்தரும். அதே ஊரார் முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குச் செல்லவேண்டுமாயின், அத்தட்டைப்படகு போதாது. அலையைப் பிளக்கும் உயர்ந்த அணியம் கொண்ட படகு வேண்டும்.

வடிவம் கூறும் செய்தி

படகின் முன்பகுதியை அணியம் என்பர். அது கூர்மையாகவும் மேல்நோக்கி விரிந்தும் இருந்தால் வெளிச்செல்லும்போது எதிர்வரும் அலையைப் பிளந்து மேலேறும். கரைக்குத் திரும்பும்போதோ அலை பின்னாலிருந்து வரும். பின்பகுதி அகன்று தட்டையாக இருப்பின், அலை அதனைத் தூக்கித் தள்ளிப் படகைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். கரையோரத்தில் படகுகள் கவிழ்வதற்கு இது முதன்மையான காரணமாகும். பின்பகுதியும் கூர்மையாக இருந்தால் அலை இருபுறமும் பிரிந்து செல்லும். ஆனால், வெளிப்புற எஞ்சினைப் பொருத்தத் தட்டையான பின்பலகையே எளிது. அலைக்கு உகந்ததா, எஞ்சினுக்கு உகந்ததா என்பதைக் கரையின் சீற்றத்தை நோக்கியே முடிவுசெய்ய வேண்டும்.

எஞ்சினும் எரிபொருளும்

பெரிய எஞ்சின் பெரிய வருமானம் தரும் என்பது பலரின் எண்ணம். இயற்பியல் அதனை ஏற்பதில்லை. சுமையேற்றிய சிறுபடகு நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும் வேகத்துக்கு அதன் நீளமே வரம்பிடுகிறது. நீர்மட்டத்தில் ஏழு மீட்டர் நீளமுள்ள படகுக்கு அவ்வரம்பு மணிக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அதனை நெருங்கும்போது, படகு தானே எழுப்பும் அலையை ஏறுவதிலேயே ஆற்றல் வீணாகிறது.

தேவைப்படும் திறன், தோராயமாக வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உயரும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் திறன் ஏறத்தாழ பாதியாகும். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ கால் லிட்டர் டீசல் எனக் கொள்வோம். 10 குதிரைத்திறன் எஞ்சினை முழுவிசையில் மூன்று மணிநேரம் ஓட்டினால் 7.5 லிட்டர் செலவாகும். அதே தொலைவை வேகம் குறைத்து மூன்றே முக்கால் மணிநேரத்தில் கடந்தால் 4.7 லிட்டர் போதும். ஆண்டுக்கு 200 நாள் கடலுக்குச் செல்வோர்க்கு இச்சேமிப்பு 560 லிட்டராகும். முக்கால் மணிநேரப் பொறுமைக்கு இத்துணைப் பயன்.

மூழ்காத படகு

கட்டுமரம் தந்த மிகப்பெரிய காப்பு மூழ்காமையாகும். கண்ணாடியிழையோ நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. படகுக்குள் நீர் நிறைந்தால் அது மூழ்கும். எனவே, இழந்த காப்பைத் திட்டமிட்டு மீண்டும் சேர்க்க வேண்டும். 500 கிலோ எடையுள்ள படகுடல் நீருள் அமிழும்போது ஏறத்தாழ 170 கிலோ எடையைத் தாங்கும் மிதப்பு தேவை. எஞ்சினுக்காக மேலும் 50 கிலோ சேர்க்கலாம். ஒரு லிட்டர் நுரைநெகிழி ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும் ஆதலால், 220 லிட்டர் நுரைநெகிழி குறைந்த அளவாகும். பற்றிக்கொண்டு மிதக்கும் மனிதரையும் எண்ணி அதனை இருமடங்காக்குவது அறிவுடைமை. அணியத்திலும் பின்பகுதியிலும் பக்கங்களிலும் அதனைப் பகிர்ந்து அடைத்தால் படகு ஒருபுறம் சாயாது.

படகினுள் தேங்கிய சிறிதளவு நீரும் தீங்கானது. படகு சாயும் பக்கமெல்லாம் ஓடிச்சென்று சாய்வை மிகுவிக்கும். ஆதலால், நீரை இறைத்துக்கொண்டே இருத்தலும், வலையையும் மீனையும் தாழ்வாக வைத்தலும், உயிர்காப்பு மேலங்கி அணிதலும் நல்ல படகோடு சேரவேண்டிய நல்ல பழக்கங்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை தேசிய மையத்தின் அலை முன்னறிவிப்புகளும் வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கைகளும் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. எத்துணைச் சிறந்த படகாயினும் கரையிலேயே நிற்கவேண்டிய நாள்கள் உண்டு.

கடனும் விடுதலையும்

படகு, எஞ்சின், வலை ஆகியவற்றுக்குச் சில இலட்சம் ரூபாய் தேவைப்படும். அத்தொகையை வணிகரிடம் முன்பணமாகப் பெறுவோர் பிடித்த மீனை அவரிடமே, பலவேளை அவர் சொல்லும் விலைக்கே, விற்க நேர்கிறது. அளவுக்கு மீறிய படகு கூடுதல் கடனையும், கடன் கூடுதல் துணிச்சலையும், அத்துணிச்சல் காற்று மாறிய நாளிலும் கடலுக்குள் செல்லும் கட்டாயத்தையும் கொண்டுவருகிறது. படகின் நீளத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே மீனவர் தம் விடுதலையின் அளவையும் தேர்ந்தெடுக்கிறார்.

எனவே, படகு தேடுவோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி விலையைப் பற்றியதன்று. அலை எங்கே உடைகிறது? கரையில் மணல் உண்டா? எந்த வலை, எத்தனை ஆள்? எவ்வளவு தொலைவு? கவிழ்ந்தால் எதைப் பற்றிக்கொள்வது? இவ்வினாக்களுக்கு விடைகண்டபின் படகு ஏறக்குறையத் தானே முடிவாகிவிடும். பொறியியல் அளவைகளைத் தரும். கரையோர முதியோரின் பட்டறிவு அவ்வளவைகளுக்குப் பொருள் தரும். இரண்டும் சேர்ந்து தேர்ந்த சிறுபடகே காலையில் சென்றவரை மாலையில் இல்லம் சேர்க்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் அங்காடியில் விற்கப்படும் மீன்களின் தமிழ்ப்பெயர்களைத் தொகுத்து, அவை எக்கரையிலிருந்து வருகின்றன என்பதை விற்பவரிடம் கேட்டறிந்து எழுதுக.

2. கட்டுமரம், கண்ணாடியிழைப் படகு ஆகியவற்றின் நிறைகுறைகளை ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. 'பழைய தொழில்நுட்பம் தந்த காப்பைப் புதிய தொழில்நுட்பம் இழந்துவிடலாகாது' என்னும் கருத்தைப் பிறிதொரு தொழிலுடன் பொருத்தி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.