உங்களுக்குத் தெரியுமா? கட்டையில் செதுக்கிய கதைகள்

படத்துக்காக எழுதப்பட்ட நாவல்

சார்லஸ் டிக்கன்ஸின் முதல் நாவல் ‘பிக்விக் பேப்பர்ஸ்’. 1836-ல் அது தொடங்கியபோது முதல் மரியாதை படத்துக்குத்தான். ராபர்ட் சீமோர் என்ற ஓவியர் வேடிக்கைப் படங்கள் வரைவார், அவற்றுக்குப் பொருத்தமாக யாராவது கதை எழுதித் தர வேண்டும், மாதம் ஒரு பகுதி ஒரு ஷில்லிங் விலையில் விற்க வேண்டும். பதிப்பாளர் போட்ட கணக்கு இதுதான். எழுத அழைக்கப்பட்டவர் 24 வயது நிரம்பிய பத்திரிகை நிருபர். வந்தவர் கதையைத் தன் போக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். இரண்டாம் பகுதிக்கான படங்களை வரைந்துகொண்டிருந்த சீமோர், அந்த ஏப்ரல் மாதம் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்துபோனார். அடுத்து வந்த ஓவியர் நிலைக்கவில்லை. அவருக்கும் அடுத்து வந்தவர் 20 வயது ஹாப்லட் பிரவுன். ‘ஃபிஸ்’ என்று கையெழுத்திட்டு, 1859 வரை டிக்கன்ஸின் பெரும்பாலான நாவல்களுக்கு அவர்தான் வரைந்தார். ஆயிரம் பிரதியில் தொடங்கிய ‘பிக்விக்’, முடியும்போது மாதம் 40,000 பிரதியைத் தொட்டது. இந்த வெற்றிக் கதையைச் சொல்கிறவர்கள் சீமோரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதற்கு மனசு வரவில்லை.

கல்கத்தாவில் பிறந்தவர் கேட்ட வேலை

சீமோர் இறந்ததும் அந்த இடத்துக்கு வரைய விரும்பி, கையில் படங்களோடு டிக்கன்ஸைப் போய்ப் பார்த்த இளைஞர்களில் ஒருவர் வில்லியம் தாக்கரே. 1811-ல் கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. வேலை கிடைக்கவில்லை. பிறகு அவரும் எழுத வந்தார். ‘வேனிட்டி ஃபேர்’ 1847-ல் தொடராக வந்தபோது, தன் நாவலுக்குத் தானே படம் வரைந்துகொண்டார்.

வெள்ளையைச் செதுக்கினால் கறுப்பு நிற்கும்

ரப்பர் ஸ்டாம்பில் மேடாக இருக்கும் எழுத்துதானே தாளில் விழுகிறது? மரச்செதுக்குப் படத்துக்கும் அதே முறைதான். மை பிடிக்க வேண்டிய கோட்டை விட்டுவிட்டு, வெள்ளையாகத் தெரிய வேண்டியதையெல்லாம் உளியால் எடுத்துவிட வேண்டும். ஒரு தலைமுடிக் கோடு வேண்டும் என்றால் அதன் இரு பக்கமும் செதுக்க வேண்டும். அத்தனையும் இடவல மாற்றத்தில்! படத்தில் வலது கையில் கத்தி பிடிப்பவன் கட்டையில் இடது கையில் பிடித்திருப்பான்.

கட்டைக்குப் பயன்பட்டது பாக்ஸ்வுட் என்னும் மெதுவாக வளரும் மரம். பலகையாக நீளவாக்கில் அறுத்தால் நார் பிளந்துகொள்ளும். ஆகவே அடிமரத்தைக் குறுக்கே அறுத்து, வளையம் தெரியும் முகத்தில் செதுக்கினார்கள். இங்கிலாந்தின் தாமஸ் பீவிக் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செம்மைப்படுத்திய முறை இது. இரும்பில் வெட்டியதா என்று கேட்கும் அளவுக்கு உறுதியான கோடு கிடைத்தது. இன்னொரு வசதி, கட்டையை ஈய எழுத்துகளோடு சேர்த்தே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தத்தில் அச்சடிக்கலாம். செம்பு, எஃகுத் தகட்டுப் படங்களுக்கு அது முடியாது. அவற்றைத் தனித் தாளில் தனி இயந்திரத்தில் அச்சிட்டுப் புத்தகத்தில் சேர்த்துத் தைக்க வேண்டும்.

படத்தின் குறுக்கே ஒரு மயிரிழை

உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இதைச் செய்து பாருங்கள். பழைய லண்டன் வாரப் பத்திரிகையின் பெரிய மரச்செதுக்குப் படம் ஒன்றை எடுத்து, வானம் இருக்கும் பகுதியில் மெல்ல நகர்த்துங்கள். சில படங்களில் மேலிருந்து கீழே நேராக ஒரு வெள்ளை மயிரிழை ஓடும். மேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. அது கட்டைகள் சேரும் இடம். பாக்ஸ்வுட் மரம் பருமன் குறைவு என்பதால் சிறு சிறு கட்டைகளைப் பின்புறம் திருகாணி போட்டு முடுக்கிப் பெரிய கட்டை ஆக்குவார்கள். அவசரம் என்றால் திருகாணியைக் கழற்றி, ஆளுக்கு ஒரு துண்டாகக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் குதிரையின் காலைச் செதுக்குவார், இன்னொருவர் மரத்தை, மூன்றாமவர் கூட்டத்தின் தலைகளை. இரவு முழுவதும் விளக்கடியில் வேலை. விடிந்ததும் துண்டுகளைச் சேர்த்துப் பூட்டி, இணைப்பில் கோடு பொருந்துகிறதா என்று தலைமைச் செதுக்காளர் சரிபார்ப்பார்.

இப்போது படத்தின் கீழ் மூலைகளுக்கு வாருங்கள். ஒரு மூலையில் ஓவியர் பெயர். மறு மூலையில் ‘டால்சியல்’ அல்லது ‘ஸ்வெய்ன்’ என்று இருக்கும். அவை செதுக்குப் பட்டறைகளின் பெயர். குதிரைக் காலைச் செதுக்கியவர் பெயர் எங்கும் இருக்காது.

ஓவியரின் இழப்பும் சிறிதல்ல. கட்டையின் மீதே நேராக வரைந்ததால், செதுக்கி முடிக்கும்போது அவர் வரைந்த மூலப்படம் மரத்தூளாகிவிடும். 1860-களில் புகைப்பட முறையில் படத்தைக் கட்டைக்கு மாற்றக் கற்ற பிறகுதான் மூலங்கள் பிழைக்கத் தொடங்கின.

ஆள் இல்லாத தெரு

டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ 1852-53-ல் வந்தது. அதில் ஃபிஸ் எஃகுத் தகட்டில் செய்த பத்துப் படங்களை ‘இருண்ட தகடுகள்’ என்பார்கள். தகடு முழுவதும் இயந்திரத்தால் நெருக்கமாகக் கோடு இழுத்து, அதன்மேல் படத்தை எழுப்பி, அமிலத்தில் இட்டு, வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் தேய்த்து எடுத்தார். அந்த நாவலில் வரும் லண்டன் சேரிக்கு ஒரு படம் உண்டு. மனிதர் ஒருவர்கூட இல்லை. சரிந்த வீடுகளும், அவற்றைத் தாங்க முட்டுக் கொடுத்த மரங்களும், பின்னால் தேவாலயக் கோபுரமும்தான். கதையில் அங்கே மனிதர்கள் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். படத்தில் அவர்களை விட்டுவிட்டார் ஃபிஸ். வறுமையை இத்தனை துணிச்சலாக வரைந்த இன்னொரு நாவல் படத்தை நான் பார்த்ததில்லை.

தாது வருஷப் பஞ்சமும் அதே உளியும்

நம் தென்னேரியில் மூத்தவர்கள் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சம் அது. ஏரிப் பாசனத்தை நம்பிய அன்றைய நம் செங்கல்பட்டு ஜில்லாவும் அதில் சிக்கியது. அந்தப் பஞ்சத்தின் முகத்தை லண்டன்காரர்கள் மரச்செதுக்குப் படங்களாகத்தான் பார்த்தார்கள்.

‘கிராஃபிக்’ என்ற வாரப் பத்திரிகை 1869 டிசம்பரில் தொடங்கியது. நிறுவிய வில்லியம் தாமஸ் தானே ஒரு மரச்செதுக்காளர். முதல் இதழிலேயே, இரவு தங்க இடம் கேட்டுக் குளிரில் வரிசையில் நிற்கும் ஏழைகளை லூக் ஃபைல்ட்ஸ் என்ற இளைஞர் வரைந்திருந்தார். அதைப் பார்த்த ஓவியர் மில்லே டிக்கன்ஸிடம் சொல்ல, அவருடைய கடைசி நாவலான ‘எட்வின் ட்ரூட்’டுக்குப் படம் வரையும் வாய்ப்பு ஃபைல்ட்ஸுக்குக் கிடைத்தது. 1870 ஜூன் 9 அன்று டிக்கன்ஸ் இறந்தார். நாவல் பாதியில் நின்றது. அவருடைய எழுதும் அறையின் காலி நாற்காலியை ஃபைல்ட்ஸ் வரைய, ‘கிராஃபிக்’ அதை அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் இதழில் வெளியிட்டது. இந்தப் பத்திரிகைப் படங்களைக் காசு கொடுத்துச் சேகரித்தவர்களில் ஒருவர் வின்சென்ட் வான்கோ. காலி நாற்காலிப் படம் அவரை விட்டு அகலவே இல்லை.

அதே ‘கிராஃபிக்’ 1877 அக்டோபரில் நம் மாகாணப் பஞ்சப் படங்களை வெளியிட்டது. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரியில் கைவிடப்பட்ட இரண்டு குழந்தைகள் ஒரு படத்தில் இருக்கிறார்கள். நாவல் காட்சிகளைச் செதுக்கப் பழகிய கைகளின் கலை, அந்தக் குழந்தைகளின் விலா எலும்பைக் கோடு கோடாக எண்ண வைக்கிறது. இன்றும் அதை நெடுநேரம் பார்க்க முடியவில்லை. 1891-ல் தாமஸ் ஹார்டியின் ‘டெஸ்’ தொடர் படங்களோடு வந்ததும் இதே பத்திரிகையில்தான்.

சென்னையில் ஒரு டாக்டர் வைத்த பள்ளி

மரச்செதுக்கு நம் ஊரிலும் பாடமாக இருந்தது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-ல் தம் சொந்தப் பொறுப்பில் சென்னையில் கலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். மாணவர்கள் அங்கே வரையவும், மரத்தில் செதுக்கவும், மண்பாண்டம் செய்யவும் கற்றார்கள். 1855-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் எழும்பூர் அருகே இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி அதுவேதான்.

வங்காளம் நமக்கு முந்தியது. படங்களோடு அச்சான முதல் வங்காளிப் புத்தகமாகக் கருதப்படும் ‘அன்னதாமங்கல்’ 1816-லேயே கல்கத்தாவில் வந்துவிட்டது.

திண்ணைக்கு வந்த படங்கள்

நம் வீடுகளில் புழங்கிய செதுக்குப் படங்கள் பெரும்பாலும் ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களில் வந்தவை. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, தேசிங்குராஜன் கதை. பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற சென்னைப் பதிப்பாளர்கள் இவற்றை மலிவு விலையில் போட, தேர்த் திருவிழாக் கடைகள் வழியாக அவை கிராமங்களுக்கு வந்து சேர்ந்தன. ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள். படம் வரும் பக்கத்தில் புத்தகம் கை மாறும்.

நல்லதங்காள் படம் ஒன்றைக் கவனியுங்கள். கிணறு, அதன் விளிம்பில் தலைவிரி கோலமாகத் தாய், சுற்றிலும் பிள்ளைகள். கண்ணுக்கு ஒரு கீறல், வாய்க்கு ஒரு கீறல். ஃபிஸ்ஸின் நுணுக்கம் இதில் கிடையாது. சேலை மடிப்பு நாலே கோடு. ஆனால் ஒரு பிள்ளை தாயின் முந்தானையைப் பிடித்திருக்கும் விதத்தில் கதை முழுவதும் இருக்கிறது. எழுத்தறியாத பாட்டிக்கு அந்தப் பக்கம் போதும். லண்டன் படங்களுக்குச் சமமாக வைத்து இவற்றைப் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இவற்றைச் செதுக்கியவர்களின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை என்பதில் இரண்டு ஊரும் ஒன்றுதான்.

ஒரு பென்னி, ஒரு படம், எட்டுப் பக்கம்

டிக்கன்ஸ் புத்தகத்துக்கு மாதம் ஒரு ஷில்லிங் தர முடியாத லண்டன் தொழிலாளிகள் என்ன படித்தார்கள்? ஜி.டபிள்யூ.எம். ரெயினால்ட்ஸ் எழுதிய ‘மிஸ்டரீஸ் ஆஃப் லண்டன்’ 1844-ல் தொடங்கியது. வாரம் எட்டுப் பக்கம், விலை ஒரு பென்னி, முதல் பக்கத்தில் கொலையோ கடத்தலோ நடக்கும் ஒரு மரச்செதுக்குப் படம். இங்கிலாந்து இவரை மறந்துவிட்டது. இந்தியா தூக்கி வைத்துக் கொண்டாடியது. நம் பக்கத்து ஊர்க்காரரான ஆரணி குப்புசாமி முதலியார், ரெயினால்ட்ஸின் கதைகளைத் தழுவித் தமிழில் நாவல்களை எழுதிக் குவித்தார். படத்தை அங்கேயே விட்டுவிட்டு மர்மம் மட்டும் கப்பலேறி வந்தது.

சீரங்கப்பட்டணத்தில் திருடிய வைரம்

வில்கி காலின்ஸின் ‘மூன்ஸ்டோன்’ 1868-ல் லண்டனில் படமில்லாமல் தொடராக வந்தது. அதே நேரத்தில் நியூயார்க்கின் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ வாரந்தோறும் செதுக்குப் படங்களோடு வெளியிட்டது. கதை தொடங்குவது 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டணத்தில்.

வங்கிப் பெட்டகத்தில் ஆலிஸ்

‘ஆலிஸின் அற்புத உலகம்’ 1865-ல் 2,000 பிரதி அச்சானது. படங்கள் விழுந்த விதம் பிடிக்கவில்லை என்று ஓவியர் ஜான் டெனியல் சொல்ல, நூலாசிரியர் லூயிஸ் கரோல் அந்தப் பதிப்பையே திரும்பப் பெற்று மறுபடி அச்சிட வைத்தார். ஓவியர் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு! 42 படங்களையும் செதுக்கியது டால்சியல் பட்டறை. மூலக் கட்டைகளிலிருந்து உலோகப் படி எடுத்து அதைக் கொண்டே அச்சிட்டதால் கட்டைகள் தேயவில்லை. 1985-ல் லண்டன் வங்கி ஒன்றின் பெட்டகத்தில் அவை கிடைத்தன.

வந்தியத்தேவனுக்கு முகம் கொடுத்தவர்

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துத்தநாகத் தகட்டு ‘பிளாக்’ வந்து மரக்கட்டையை ஓரங்கட்டியது. ஓவியரின் பேனாக் கோட்டைப் புகைப்படமாக்கி, அமிலத்தால் அரித்து எடுப்பது அந்த முறை. செதுக்குவோர் வேலை போனது. தொடர்கதைப் படம் போகவில்லை.

1950 அக்டோபர் 29 அன்று ‘கல்கி’ இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியது. ஆடிப்பெருக்கு நாள், கடல் போன்ற வீரநாராயண ஏரி, அதன் கரையில் குதிரை மேல் ஒரு வாலிபன். ஏரிக்கரை ஊர்க்காரர்களான நமக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வாலிபனுக்கு முகம் கொடுத்த ஓவியர் மணியம், டாக்டர் ஹன்டர் தொடங்கிய அதே சென்னைக் கலைப் பள்ளியில் படித்தவர். மூன்றரை ஆண்டுக்கு மேல், வாரம் தவறாமல் வரைந்தார். பைண்டு செய்த பழைய தொடர்களை மடியில் வைத்துப் படித்தவர்களுக்குக் குந்தவையின் கொண்டையும் நந்தினியின் கண்ணும் மணியம் போட்ட கோடுகள்தான். ஃபிஸ் செய்ததும் அதைத்தான். டிக்கன்ஸின் ஆட்களை ஆங்கிலேயர் இன்றும் அவர் கோட்டில்தான் பார்க்கிறார்கள்.

பரணில் இருந்தால்

தென்னேரி, வாலாஜாபாத் பக்கம் பழைய வீடுகளை இடித்துக் கட்டும்போது டிரங்குப் பெட்டிகள் இறங்குகின்றன. பெரிய எழுத்துக் கதைகள், தாத்தா படித்த ஆங்கில நான்-டீடெயில் புத்தகம், பைண்டு வால்யூம்கள் எல்லாம் கிலோக் கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. எடைக்குப் போடுமுன் ஒரு முறை புரட்டுங்கள். படம் இருந்தால் தனியே கிழிக்காதீர்கள். பக்கத்தோடு இருந்தால்தான் அது எந்தக் கதை, எந்த அச்சகம் என்பது தெரியும். செல்லோ டேப் ஒட்ட வேண்டாம், சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளைத் தின்றுவிடும். லேமினேஷன் செய்யவே வேண்டாம். வெயிலில் காய வைக்காமல், நிழலில் காற்றாட விரித்துவைத்துத் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். தலைப்புப் பக்கத்தையும் படங்களையும் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள இடம் இல்லை என்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாகத் திரட்டிய புத்தகங்களைக் கொண்டு 1994-ல் உருவானது. பெரிய எழுத்துக் கதையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதன் அருமை தெரிந்து வாங்கிக்கொள்வார்கள்.